நனவு அனுபவத்தைக் குறியியல் விளக்குமா?

ஒன்று இன்னொன்றுக்காக நிற்பதையும், அப்படி நிற்பதை ஒருவரோ ஓர் உயிரோ எடுத்துக்கொள்ளும் விதத்தையும் ஆராயும் துறை குறியியல். புகை நெருப்புக்குக் குறி. காலடித் தடம் நடந்துபோனவருக்குக் குறி. 'மரம்' என்ற ஒலி மரத்துக்குக் குறி. நனவு அனுபவம் என்பது வேறொரு துறையின் சிக்கல். பல் வலிக்கும்போதும் பாகற்காய் கசக்கும்போதும், உடலில் நடப்பவற்றுக்கு மேலாக, 'எனக்கு இப்படி இருக்கிறது' என்ற ஒன்று உள்ளது. தாமஸ் நேகல் 1974இல் வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டது இதைத்தான். மூளையின் வேலைகள் எல்லாவற்றையும் விளக்கிய பின்னும் அவற்றோடு உணர்வு ஏன் சேர்ந்து வருகிறது என்ற கேள்வி எஞ்சும் என்றார் டேவிட் சால்மர்ஸ். அதற்கு 1995இல் அவர் இட்ட பெயர் 'கடினச் சிக்கல்'.

தமிழ் அளவை மரபுக்கு இந்தப் பொருள் புதிதன்று. சிவஞான சித்தியார் காட்சியளவையை நான்காகப் பகுக்கும்போது, புலன்வழிக் காட்சி, மானதக் காட்சி, யோகக் காட்சி ஆகியவற்றோடு தன்வேதனைக் காட்சி என்ற ஒன்றையும் சேர்க்கிறது. இன்ப துன்பங்களை உயிர் தானே உணர்வது அது. மேலைத் தத்துவத்தில் 'குவாலியா' என்று எழுதப்படுவதற்கு இதைவிட நெருங்கிய சொல் நம்மிடம் இல்லை.

இவ்விரு துறைகளையும் இணைத்து, அனுபவம் என்பதே ஒருவகைக் குறிச்செயல்தான் என்று காட்டும் முயற்சிகள் சென்ற அரை நூற்றாண்டில் பெருகியுள்ளன. இந்த இணைப்பில் பயனுள்ள பாதியும் உண்டு, தவறான பாதியும் உண்டு. அனுபவம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைக் குறியியல் வியக்கத்தக்க அளவு விளக்குகிறது. அனுபவம் ஏன் இருக்கிறது என்பதை அது விளக்கவில்லை. விளக்கிவிட்டதாகச் சொல்லும்போது, யாருக்கு வலிக்கும், யாருக்கு வலிக்காது என்ற தீர்ப்பையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு தவறினால் அதன் விலை சிறியதன்று.

எந்தக் குறியியல்?

தமிழில் குறியியல் என்றதும் பலருக்கு நினைவு வருபவர் ஃபெர்டினான்ட் டி சசூர். 1980களின் அமைப்பியல் விவாதங்கள் வழியே நம்மிடம் வந்தவர் அவரே. அவருடைய குறிக்கு உறுப்பு இரண்டு: குறிப்பான், குறிப்பீடு. முதலாவது ஒலியின் மனப்படிமம், இரண்டாவது கருத்து. இரண்டுமே மனத்துக்குள் இருப்பவை என்பதைக் கவனிக்க வேண்டும். மனம் என்ற ஒன்று முன்பே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்கும் கோட்பாடு மனம் எப்படி வந்தது என்று சொல்ல இயலாது. மொழியை ஆராய அது போதும். அனுபவத்தை ஆராய உதவாது.

நமக்கு வேண்டியவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் (1839–1914). அவருடைய குறிக்கு உறுப்பு மூன்று. குறி, அது எதற்காக நிற்கிறதோ அந்தப் பொருள், அக்குறி எழுப்பும் விளைவு. மூன்றாவதை இங்கே 'விளைகுறி' என்று அழைக்கலாம். பெரும்பாலும் அதுவே அடுத்த குறியாகிவிடுவதால் இப்பெயர் பொருந்தும். குறி தன் பொருளோடு மூன்று வழிகளில் தொடர்புறலாம். ஓவியம்போல ஒத்திருந்தால் அது ஒப்புக்குறி. காற்றுக்குத் திரும்பும் காற்றுத்திசைகாட்டிபோல உண்மையான பிணைப்பு இருந்தால் சுட்டுக்குறி. சொல்லைப்போல வழக்கத்தால் நின்றால் மரபுக்குறி.

இதற்கு அடியில் இன்னும் ஆழமான ஒரு பகுப்பு உள்ளது. பியர்ஸ் அதை முதலாமை, இரண்டாமை, மூன்றாமை என்றார். எதனோடும் ஒப்பிடாமல், எதற்கும் எதிர்வினையாக இல்லாமல், தான் தானாக இருக்கும் தன்மை முதலாமை. மெஜந்தா நிறம், ரோஜா அத்தரின் மணம், ரயிலின் ஊதல், கொயினாவின் கசப்பு ஆகியவை அவர் தந்த எடுத்துக்காட்டுகள். திறக்க மறுக்கும் கதவைத் தோளால் தள்ளும்போது உணரும் மோதல் இரண்டாமை. இரண்டை ஒரு மூன்றாவதன் வழியே இணைக்கும் ஒழுங்கு மூன்றாமை. குறி மூன்றாமையைச் சேர்ந்தது. கொயினாவின் கசப்பு முதலாமையைச் சேர்ந்தது. தம் அமைப்பில் இவ்விரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைத்தவர் பியர்ஸே என்பது இந்தக் கட்டுரை முழுதும் நினைவில் நிற்க வேண்டும். அவர் பெயரால் எழுதும் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

அனுபவத்துக்குள் குறியின் வேலை

நம் உணர்வுகள் நேரடியாக, இடையில் ஒன்றுமில்லாமல் நமக்குக் கிடைக்கின்றன என்றே தோன்றுகிறது. அப்படியில்லை என்று 1868இல் எழுதிய இரு கட்டுரைகளில் பியர்ஸ் வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகள் எளியவை. விழித்திரையில் ஒரு குருட்டுப்புள்ளி உள்ளது. அங்கே ஒளி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் நாம் காணும் காட்சியில் ஓட்டை இல்லை. துணியின் நயத்தை விரலால் அறியலாம். ஆனால் விரலை வைத்தால் மட்டும் தெரியாது, நகர்த்த வேண்டும். புடவைக்கடையில் முந்தானையை இரு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு கணத்தின் தொடுகையை அடுத்த கணத்தின் தொடுகையோடு ஒப்பிட்டுத்தான் 'வழுவழுப்பு' கிடைக்கிறது. நேரடியானது என்று நாம் எண்ணுவதே முந்தைய உணர்வுகளிலிருந்து ஊகித்துப் பெற்றது. குறியிலிருந்து குறிக்குச் செல்லும் ஓட்டம் அது.

வலியைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் தெளிவாகும். தமிழில் வலி குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, உளைகிறது, 'விண்விண்' என்று தெறிக்கிறது, 'சுரீர்' என்று இழுக்கிறது. காதுக்குள் யாரும் எதையும் வைத்துக் குடையவில்லை. வயிற்றில் தீ இல்லை. உள்ளே இருப்பதைச் சொல்ல, வெளியே ஒரு கருவி செய்யும் வேலையை ஒப்புக்குறியாக எடுத்துக்கொள்கிறோம். உடலின் ஓர் இடத்தைக் கைகாட்டுவது சுட்டுக்குறி. 'பித்தம்', 'வாயு' என்று பெயரிடுவது மரபுக்குறி. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல் இத்தகைய 78 ஆங்கிலச் சொற்களை 20 குழுக்களாக அடுக்கி, நோயாளி தம் வலிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒவ்வொரு மொழியும் வலியை வேறு வேலைகளோடு ஒப்பிடுவதால், இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் பயனில்லை. 'குடைச்சல்' என்று வரும் நோயாளியிடம் 'துளைக்கிறதா' என்று கேட்பவர் வேறொன்றைக் கேட்கிறார்.

வலி தானே ஒரு குறி என்பது அடுத்த படி. உடலில் எங்கோ கேடு நேர்ந்திருக்கிறது என்பதற்கு அது சுட்டுக்குறி. பல நூற்றாண்டுகள் மருத்துவம் வலியை அப்படியே வாசித்தது. காயம் எங்கே என்று தேடியது. காயம் இல்லாதபோது 'வலியும் இல்லை, எல்லாம் மனப்பிரமை' என்று அனுப்பிவைத்தது. இதற்கு எதிரான வலுவான சான்று இல்லாத உறுப்பில் வரும் வலி. கை வெட்டப்பட்ட பின்னும் அந்தக் கை இருப்பதாகவும், அதன் விரல்கள் உள்ளங்கையில் நகம் பதிய மடங்கி இறுகியிருப்பதாகவும் சிலர் உணர்கின்றனர். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களின் நடுவில் இத்தகையவர்களுக்கு ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி வைத்தார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரிந்தது. இருக்கும் கையை விரித்தபோது 'இல்லாத கை'யும் விரிவதாகச் சிலர் உணர்ந்தனர், இறுக்கம் தளர்ந்தது. இந்தச் சிகிச்சை எல்லாருக்கும் பலிப்பதில்லை. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையானவை. ஆயினும் பலித்த இடங்களில் நடந்தது என்ன? ஓர் ஒப்புக்குறி, அதாவது கண்ணாடிப் பிம்பம், பொருளை இழந்த ஒரு சுட்டுக்குறியைத் திருத்தியது. மருந்தோ கத்தியோ அங்கே வேலை செய்யவில்லை.

இதை விளக்கக் குறியியலைவிடப் பொருத்தமான சொற்களை நான் காணவில்லை. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979இல் தந்த வரையறையை 2020இல் திருத்தியது. திசுக்களுக்கு நேர்ந்த அல்லது நேரக்கூடிய கேட்டோடு தொடர்புடைய அனுபவம் மட்டுமன்றி, அதை ஒத்த அனுபவமும் வலியே என்று புதிய வரையறை சொல்கிறது. 'ஒத்த' என்ற அந்த ஒரு சேர்க்கை, காயம் தென்படாத நோயாளியை வரையறைக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. சுட்டும் பொருள் இல்லாவிட்டாலும் குறி குறிதான் என்பதே இதன் குறியியல் பொருள்.

உணர்வில்லாமல் ஓடும் குறி

இதுவரை சொன்னது குறியியலின் பலம். இதிலிருந்து 'ஆகவே அனுபவம் என்பது குறியைப் பொருள்கொள்ளும் செயலே' என்று தாவுவதுதான் பிழை. அந்தச் சமன்பாடு சரியானால், பொருள்கொள்ளல் நடக்கும் இடமெல்லாம் அனுபவம் இருக்க வேண்டும். இல்லை என்பதற்கான முதற்சான்றுகளில் ஒன்றைத் தந்தவர் பியர்ஸே.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய மாணவர் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் நடத்திய ஆய்வு 1885இல் அச்சானது. விரலில் சற்றே வேறுபட்ட இரு அழுத்தங்கள். எது கூடுதல் என்று சொல்ல வேண்டும். சொன்னதில் எவ்வளவு உறுதி என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண்ணும் தர வேண்டும். எந்த வரிசையில் அழுத்தம் தருவது என்பதைக் கலைத்த சீட்டுக்கட்டு தீர்மானித்தது. சமவாய்ப்பு முறையை ஆய்வில் கையாண்ட மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று. 'எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை, சும்மா சொல்கிறேன்' என்று 0 போட்ட விடைகளும், குருட்டாம்போக்கில் வந்திருக்கக்கூடியதைவிட அதிகமாகச் சரியாக இருந்தன. அழுத்தம் விரலில் குறியாக வேலை செய்தது. சரியான விடை என்ற விளைகுறியையும் எழுப்பியது. உணரப்பட்ட வேறுபாடு மட்டும் இல்லை.

நூறாண்டு கழித்து நரம்பியல் இதே செய்தியை உரத்துச் சொன்னது. மூளையின் பின்புறப் பார்வைப் பகுதியில் ஒரு பாகம் அகற்றப்பட்டதால் பார்வைப்புலத்தின் ஒரு பாதியில் எதுவும் தெரியாதவர் டி.பி. என்ற நோயாளி. அந்தப் பாதியில் ஒளியைக் காட்டி, எங்கே என்று ஊகித்துக் கைகாட்டச் சொன்னார் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் பெரும்பாலும் சரியான இடத்தைக் காட்டினார். 1974இல் வெளியான இந்த ஆய்வு முதல் இந்நிலைக்குக் 'குருட்டுப்பார்வை' என்று பெயர். 2008இல் விவரிக்கப்பட்ட இன்னொருவர் மூளைப் பாதிப்பால் இரு பக்கப் பார்வையும் இழந்தவர். பொருட்கள் சிதறிக் கிடந்த நடைகூடத்தில் எதிலும் இடிக்காமல் நடந்தார். தாம் எதையும் விலகி நடந்ததாக அவருக்குத் தெரியவில்லை. ஒளி, பொருள், விலகல் என்று குறியின் மூன்று உறுப்பும் அங்கே உண்டு. காண்பது மட்டும் இல்லை.

உயிர்க்குறியியல் எனப்படும் கிளை இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. அதன் மூலவர்களில் ஒருவரான யாக்கோப் ஃபான் யூக்ஸ்குல் காட்டிய உண்ணியின் உலகம் புகழ்பெற்றது. பாலூட்டியின் தோலிலிருந்து வரும் பியூட்டிரிக் அமிலத்தின் மணம், உரோமத்தின் தொடுகை, தோலின் வெதுவெதுப்பு: மூன்றே குறிகளால் ஆன உலகம் அது. ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென ஓர் உலகம் என்ற இந்தக் கருத்து அழகானது, பயனுள்ளதும்கூட. டென்மார்க்கின் யெஸ்பர் ஹோஃப்மயர் இதை வளர்த்து, பரிணாமத்தின் போக்கில் உயிர்கள் பெறும் 'குறியியல் சுதந்திரம்' கூடிக்கொண்டே வருகிறது என்றார். அதாவது, பொருள்கொள்ளக்கூடிய குறிகளின் ஆழம் கூடுகிறது. இதையும் ஏற்கலாம். ஆனால் அந்தச் சுதந்திரம் கூடக்கூட உணர்வும் தானே கூடுகிறது என்று படிப்பவர் எண்ணும்படி எழுதுவது வேறு. உண்ணிக்கு அந்த வெதுவெதுப்பு இதமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, அது வெதுவெதுப்பைக் குறியாக எடுத்துக்கொள்கிறது என்பது விடையாகாது. வெப்பமானி பொருத்திய குளிர்பதனப் பெட்டியும் அந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. 'பெட்டிக்குத் தேவை இல்லை, உயிருக்குத் தேவை உண்டு' என்று அவர்கள் மறுப்பர். நியாயமான மறுப்பு. ஆனால் அப்போது விளக்கும் வேலையைச் செய்வது தேவை, குறி அன்று.

பியர்ஸ் இந்தக் குழப்பத்தை முன்னரே அறிந்திருந்தார். 1908இல் வெல்பி சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தில் குறியை வரையறுக்கும்போது, அது 'ஒருவர்மீது' விளைவை ஏற்படுத்துகிறது என்று எழுதினார். உடனே, தம் பரந்த கருத்தைப் புரியவைக்கும் நம்பிக்கை இழந்ததால்தான் 'ஒருவர்மீது' என்ற சொல்லைச் சேர்த்தேன், காவல்நாய்க்கு வீசும் எலும்புத் துண்டுபோல, என்ற பொருள்பட ஒப்புக்கொண்டார். அவருடைய குறிக்கு உணரும் ஆள் தேவையில்லை. அப்படியானால் அந்தக் குறியைக் கொண்டு உணரும் ஆளைக் கட்டி எழுப்பவும் முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது, உப்பில்லாமல் சமைத்த குழம்பில் உப்புச் சுவை எங்கிருந்து வந்தது என்று அந்தக் குழம்பையே கேட்பதுபோல.

தன்னையே சுட்டும் குறி

குறியியலுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக நுட்பமான வாதம், தம்மைக் குறியியலார் என்று அழைத்துக்கொள்ளாத தத்துவவாதிகளிடமிருந்து வந்தது. 1982இல் ஃபிராங்க் ஜாக்சன் ஒரு கற்பனை செய்தார். மேரி என்ற அறிவியலாளர் கறுப்பு வெள்ளை அறையிலேயே வளர்ந்தவர். நிறப்பார்வை பற்றிய அறிவியல் முழுவதும் அவருக்குத் தெரியும். வெளியே வந்து முதன்முதலாகச் சிவப்பைக் காணும்போது அவர் புதிதாக ஒன்றைக் கற்கிறாரா? கற்கிறார் என்றால் அறிவியல் சொல்லாத உண்மை ஒன்று உலகில் இருக்கிறது.

இதற்கு மறுமொழி சொன்ன டேவிட் பாபினோ போன்றோர், மேரி பெற்றது புதிய உண்மை அன்று, பழைய உண்மைக்கு ஒரு புதிய குறி என்றனர். சிவப்பைக் கண்டபின் சிவப்பு அனுபவத்தைப் பற்றி எண்ணும்போது, அந்த அனுபவத்தையே, அல்லது அதன் நினைவுச் சாயலையே, குறியாகப் பயன்படுத்துகிறோம். மேற்கோள் குறிக்குள் வைத்த சொல் தன்னையே குறிப்பதுபோல, அனுபவம் தன்னையே குறிக்கிறது. சிவப்பு அனுபவம் ஒருபோதும் கிட்டாதவரிடம் அந்தக் குறியைச் செய்வதற்கான பொருளே இல்லை. அதனால்தான் புத்தகம் படித்து அதைப் பெற முடியவில்லை.

அறிவுக்கும் அனுபவத்துக்கும் இடையே ஏன் ஓர் இடைவெளி தோன்றுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விளக்கம் இது. கடினச் சிக்கலின் பாதி மருட்சி இதனால் கலைகிறது. மறுபாதி கலையவில்லை. மேற்கோள் குறிக்குள் வைக்க உள்ளே ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது உணரப்படும் ஒன்றாக இருக்கிறது என்பதை இந்த வாதம் எடுத்துக்கொள்கிறது, நிறுவுவதில்லை. பியர்ஸின் சொல்லில் சொன்னால், மூன்றாமையைப் பற்றிய நல்ல விளக்கம் ஒன்று முதலாமையைத் தொடாமல் பக்கத்தில் நின்றுவிடுகிறது.

சொல் வருவதற்கு முன்

எதிர்த்திசையிலும் கேட்க வேண்டும். அனுபவம் இல்லாத குறி உண்டு என்றால், குறி இல்லாத அனுபவம் உண்டா?

இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. சொல் கலவாத அறிவு உலகில் இல்லை என்பது வாக்கியபதீயம் எழுதிய பர்த்ருஹரியின் நிலை. கற்பனை கலவாததே காட்சி என்பது பௌத்த அளவையியலாளர் திங்நாகரின் நிலை. திங்நாகர் வழிக் கருத்தைத் தமிழில் மணிமேகலையின் 29ஆம் காதையில் காணலாம். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளைச் சொல்லும்போது, பெயர், இனம், குணம், செயல் ஆகியவற்றை நீக்கிவிட்டுச் சுட்டுணர்வு மட்டுமே காட்சி என்கிறார். 'சுட்டுணர்வு' என்ற சொல் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. மரபுக்குறிகளை எல்லாம் உரித்தெடுத்த பின்னும் அங்கே சுட்டு எஞ்சுகிறது. திங்நாகர் மரபும் பியர்ஸும் ஒன்றையே சொன்னார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் கட்டுரைகள் தேவைக்கு மேல் உள்ளன. சொல்லுக்குக் கீழேயும் அடுக்குகள் உண்டு என்பதில் மட்டும் இருவரும் பர்த்ருஹரிக்கு எதிரே நிற்கின்றனர்.

பர்த்ருஹரி பக்கம் நிற்க விரும்புவோர் ஹெலன் கெல்லரை அழைப்பர். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வையையும் கேள்வியையும் இழந்தவர். 1887 ஏப்ரலில் அலபாமாவின் டஸ்கம்பியாவில், ஒரு கையில் தண்ணீர் கொட்ட மறு கையில் ஆசிரியை ஆன் சலிவன் 'தண்ணீர்' என்று எழுத்தெழுத்தாக வரைந்தபோது, சொல் என்றால் என்ன என்பது அவருக்கு விளங்கியது. அதற்கு முந்தைய காலத்தைத் தாம் இருப்பதே தமக்குத் தெரியாத காலமாக அவர் பின்னாளில் விவரித்தார். ஆகவே சொல்லில்லாதபோது அனுபவமே இல்லை என்று முடிவுகட்டலாமா? அவரே நினைவுகூர்ந்த அந்தக் காலத்தில் சினம் இருந்தது, பசி இருந்தது, தாயிடம் ஏதேனும் வேண்டும்போது காட்டிய கைச்சைகைகளும் இருந்தன. 'நான் உணர்கிறேன்' என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளும் ஆற்றலைச் சொல் தந்தது. உணர்வைத் தந்தது என்பதற்குச் சான்றில்லை.

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. 1980கள் வரை பல மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு, அறுவை சிகிச்சையின்போது தசைகளை அசைவற்றதாக்கும் மருந்தோடு மிகக் குறைந்த மயக்கமருந்தே தரப்பட்டது. மயக்கமருந்தின் ஆபத்து பற்றிய அச்சம் ஒரு காரணம். அது உண்மையான அச்சம். மற்றொரு காரணம் ஒரு வாதம்: நரம்பு மண்டலம் முதிரவில்லை, நினைவில்லை, வலியை வலியென்று பொருள்கொள்ளும் திறன் இல்லை, ஆகவே அழுகை வெறும் அனிச்சைச் செயல். குறியியலார் யாரும் இதைச் சொல்லவில்லை. ஆனால் 'பொருள்கொள்ளல் இல்லையேல் அனுபவம் இல்லை' என்ற கோட்பாட்டை ஏற்பவர் இந்த வாதத்தை எதைக்கொண்டு மறுப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுத்தது வேறொரு வகைக் குறி. இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த கே. ஜே. எஸ். ஆனந்தும் உடனாய்வாளர்களும் 1987இல், அறுவை செய்யப்பட்ட குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கி சேர்த்துத் தரப்பட்டதையும் மற்றவர்களுக்குத் தரப்படாததையும் ஒப்பிட்டு வெளியிட்டனர். தரப்படாத குழந்தைகளின் இரத்தத்தில் அழுத்த இயக்குநீர்களின் எழுச்சி கூடுதல். அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் கூடுதல். அசையவும் அழவும் இயலாத குழந்தையின் சார்பில் இரத்தம் சாட்சி சொன்னது. கண்டிப்பாகப் பார்த்தால் இதுவும் அனுபவத்துக்கு நேரடிச் சான்று அன்று. இயக்குநீர் எழுவது உணர்வில்லாமலும் நடக்கலாம். குருட்டுப்பார்வை அதைத்தானே கற்றுத் தந்தது? ஆனாலும் மருத்துவ நடைமுறை மாறியது. ஐயத்தின் பயன் யாருக்குச் சேர வேண்டும் என்பதில் மருத்துவர்கள் அங்கே தத்துவவாதிகளைவிடத் தெளிவாக இருந்தனர்.

அடுத்தவரின் நனவு

குறியியல் மிக நன்றாகப் பயன்படும் இடம், அடுத்தவருக்கு அனுபவம் இருக்கிறதா என்று நாம் தேடும் இடம். 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், சாலை விபத்துக்குப் பின் செயலற்ற விழிப்புநிலையில் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை மூளைப் பட இயந்திரத்துக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு தம் வீட்டு அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நலமுள்ளவர்களின் மூளையில் எந்தப் பகுதி செயல்படுமோ அதே பகுதி செயல்பட்டது. மூளையின் இரத்த ஓட்டம் இங்கே சுட்டுக்குறி.

2010இல் அதே வழியில் 54 நோயாளிகளை ஆராய்ந்தபோது ஐவர் இவ்வாறு தம் மூளைச் செயலை மாற்றிக் காட்டினர். அவர்களில் ஒருவரிடம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 'ஆம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீடு. தந்தையின் பெயர் இதுவா என்பது போன்ற ஆறு கேள்விகளில் ஐந்துக்கு அவர் சரியாக விடை சொன்னார். டென்னிஸுக்கும் 'ஆம்' என்பதற்கும் எந்த ஒப்புமையும் இல்லை, இயற்கைப் பிணைப்பும் இல்லை. அந்த இயந்திரத்துக்குள் படுத்திருந்தவரும் வெளியே நின்றவர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்காகச் செய்துகொண்ட உடன்பாடு மட்டுமே அது. சுட்டுக்குறியாக இருந்த ஒன்று மரபுக்குறியாக மாறியது. ஐந்து விடைகளை அறைக்கு வெளியே கொண்டுவந்தது. குருட்டுப்பார்வையர் கைகாட்டியதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். அங்கே குறி தானாக ஓடியது. இங்கே ஒருவர் அதை எடுத்து ஆண்டார்.

எஞ்சிய 49 பேரின் படங்களில் அத்தகைய மாற்றம் எதுவும் பதிவாகவில்லை. அவர்களில் யாருக்கேனும் சொன்னது காதில் விழுந்ததா, விழுந்தும் கற்பனை செய்ய இயலவில்லையா, கேட்டபோது உறங்கிக்கொண்டிருந்தார்களா என்பதை அந்தப் படங்களிலிருந்து சொல்ல வழியில்லை. வலி ஆய்வுச் சங்கத்தின் 2020 வரையறைக்குக் கீழே உள்ள குறிப்புகளில் ஒன்று, சொல்லித் தெரிவிக்க இயலாமை வலி இருக்கும் வாய்ப்பை இல்லாமலாக்காது என்கிறது. வலி என்ற சொல்லுக்குப் பதில் அனுபவம் என்று போட்டும் அதை வாசிக்கலாம்.